விலங்கல்லேன், விலங்கல்லாது ஒழிந்தேன் அல்லேன்: மனிதன் மாறுவது பற்றி அப்பரை முன்வைத்துச் சில கேள்விகள்

தேவாரம் படிக்கத் தொடங்கியவர்களும், படிக்காமலே அப்பர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். விஷயம் அப்படி.

மனிதன் மாறுவானா என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி. அதற்கு ஏன் அப்பரைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?

சமணத் துறவியாக இருந்தவர் சிவனடியாராக மாறினார். மாறிய பிறகும் தன்னைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார். கண்டதை மறைக்காமல் பாடினார். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து கிடைப்பது அரிது.

மாற்றக் கதைகள் பெரும்பாலும் மாறிய நாளோடு முடிந்துவிடும். கொள்ளைக்காரன் முனிவனானான், கொடியவன் அடியவனானான் என்று மங்களம் பாடி ஏட்டைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை அவன் எழுந்து என்ன செய்தான், கோபம் வந்ததா, பழைய ஆசை தலைகாட்டியதா என்று யாரும் சொல்வதில்லை. அப்பருக்கோ மாறிய நாள்தான் முதல் பாட்டு. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய முந்நூறுக்கு மேற்பட்ட பதிகங்களும் அந்த விடியற்காலைக்குப் பிந்தியவை. மாற்றத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு இவ்வளவு நீண்ட சாட்சியம் தமிழில் வேறு யாரிடமிருந்தும் நமக்குக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஏழாம் நூற்றாண்டு. பண்ருட்டிப் பக்கம் திருவாமூர். புகழனார், மாதினியார் தம்பதிக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை. பெண் திலகவதி, பிள்ளை மருள்நீக்கி. திலகவதிக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் என்ற படைத்தலைவர் போரில் இறந்தார். பெற்றோரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். வளர்ந்த பிறகு மருள்நீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் வைத்து நடத்தினார். ஆனாலும் நிலையாமை அவரை அரித்தது. பாடலிபுத்திரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலை நோய், கடுமையான வயிற்றுவலி, வந்தது. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு, அக்காளிடம் திரும்பினார். சிவனைப் பாடினார். நாவுக்கரசர் என்று பெயர் பெற்றார். சீர்காழியில் திருஞானசம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்தது. உழவாரப்படை என்னும் புல் செதுக்கும் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். எண்பத்தொரு வயது வாழ்ந்து, திருப்புகலூரில் ஒரு சித்திரைச் சதயத்தில் முடிந்தார் என்பது மரபு.

வரலாற்றை விரிவாகச் சொல்பவர் பெரிய புராணம் பாடிய சேக்கிழார். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். நடுவே சுமார் ஐந்நூறு ஆண்டு இடைவெளி. அப்பரே தம் வாயால் சொன்னது எது, சேக்கிழார் சொன்னது எது என்று பிரித்துக்கொண்டு படிப்பது நல்லது. கீழே முடிந்தவரை அப்படியே பிரித்துச் சொல்கிறேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறோம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம். பிறவிக்குணம் மாறாது என்பதுதானே தமிழர் முடிவு?

நம் பழமொழிகள் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன, மறுக்க முடியாது. நாலடியாரில் ஒரு கோழி வருகிறது. வேளை தவறாமல் நொய்யை வாயருகே போட்டாலும் குப்பையைக் கிளறுவதை விடாத கோழி. அதுபோலக் கீழ்மகனுக்குக் கனமான நூல்களை விரித்துக் காட்டினாலும் அவன் மனம் போன வழியே போவான் என்கிறது பாட்டு. கிராமத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு இந்த உவமையின் கூர்மை தெரியும். தட்டில் தீனி இருக்கும். கோழி கால் குப்பையில் இருக்கும்.

திருக்குறள் வேறொன்று சொல்கிறது: ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு.’ தண்ணீருக்கென்று ஒரு நிறம் கிடையாது. செம்மண்ணில் ஓடினால் சிவப்பு, களர் நிலத்தில் தேங்கினால் உவர்ப்பு. அறிவும் சேர்ந்த இனத்தைப் பொறுத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரோடு உருப்பெற்ற சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பையே ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று வரையறுத்தது. பளிங்கின் அருகே செம்பருத்தி வைத்தால் பளிங்கு சிவக்கும். எதைச் சார்கிறாயோ அதன் நிறம் உனக்கு.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அப்பருடைய ஒரு வரி. ஆறாம் திருமுறையில் ‘குலம்பொல்லேன் குணம்பொல்லேன் குறியும் பொல்லேன்’ என்று தொடங்கும் பாட்டு. நடுவில் சொல்கிறார்: ‘விலங்கல்லேன் விலங்கல்லாது ஒழிந்தேன் அல்லேன்.’ நான் விலங்கு இல்லை. விலங்காக இல்லாமல் போய்விட்டேனா என்றால், அதுவும் இல்லை. மனித இயல்பைப் பற்றி நான் படித்த விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானதும் நேர்மையானதும் எனக்குத் தெரியாது. கோழியாகவே பிறந்து கோழியாகவே சாவேன் என்று அவர் கைவிரிக்கவில்லை. கோழி போய்விட்டது, அன்னம் வந்துவிட்டது என்று கொண்டாடவும் இல்லை.

அந்த இரவில் என்ன நடந்தது?

சேக்கிழார் இதை மிக நிதானமாகச் சொல்லியிருக்கிறார். அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி.

வயிற்றைச் சுருட்டி இழுக்கும் வலி. பள்ளியிலிருந்தவர்கள் மந்திரம் சொல்லிப் பார்த்தார்கள், குண்டிகை என்னும் கமண்டலத்து நீரைக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். வலி ஏறியதே தவிர இறங்கவில்லை. தமக்குச் சோறு ஆக்குபவனை அழைத்து அக்காளிடம் அனுப்பினார். அக்காள், அமணர், அதாவது சமணர், இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டதும் தருமசேனர் எழுந்தார். உடுத்திருந்த பாயை விட்டார், உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார், பீலியை விட்டார். வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ‘கைதருவார் தமை ஊன்றி’, யார் கண்ணிலும் படாமல் இருட்டில் நடந்தார்.

இந்த ‘கைதருவார் தமை ஊன்றி’ என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். தலைவராக இருந்தவர் தனியாக நடக்க முடியாமல் யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்தக் கை யாருடையது என்று சேக்கிழார் பெயர் சொல்லவில்லை.

அக்காள் திருநீறு கொடுத்தார். பொழுது விடியுமுன் அவர் எப்போதும் போலத் துடைப்பமும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார், தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு. அதுவரை எத்தனையோ விடியற்காலைகளில் அவர் செய்து வந்த அதே வேலை. தம்பி திரும்பி வந்த நாளுக்கென்று தனிச்சடங்கு எதுவும் இல்லை.

வயிற்றுவலி தாங்காமல் மதம் மாறியவர்தானே? அது ஒரு மாற்றமா?

இதைக் கொஞ்சம் குற்றச்சாட்டாகவே கேட்பவர்கள் உண்டு. வலி அவரைக் கிளப்பியது என்பது உண்மை, அவரே ஒளிக்கவில்லை. முதல் பதிகம் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று எமனைப் போல வந்த நோயைச் சொல்லித்தான் தொடங்குகிறது. குடலோடு துடக்கி முடக்கியது என்று இடத்தையும் சொல்கிறார்.

ஆனால் அதே பதிகத்தில் இன்னொரு வலியும் இருக்கிறது. காத்து ஆள்பவருடைய காவலை இகழ்ந்தேன். கரையில் நின்றவர்கள் ‘பார்த்துக்கொள்’ என்று சொல்லி ஆழமான மடுவில் என்னைத் தள்ளிவிட்டார்கள். கால் ஊன்ற ஒரு துறை தெரியவில்லை என்கிறார். இது வயிற்றுவலிக்காரர் பேச்சாகத் தெரியவில்லை. நீந்தத் தெரியாமல் கிணற்றில் விழுந்த பையனின் பேச்சு. கால் கீழே தேடுகிறது, தரை இல்லை.

நோய் தீர்ந்ததோடு கதை முடிந்திருந்தால் குற்றச்சாட்டு நியாயம். நோய் தீர்ந்த பிறகு பல்லாண்டு காலம் புல் செதுக்கிக்கொண்டு நடந்தாரே, அதற்கு எந்த வயிற்றுவலி காரணம்? கதவைத் தட்டியது வலிதான். கதவு திறந்த பிறகு வீட்டில் குடியிருந்தது வேறொன்று.

திரும்பி வந்த அன்றே ‘உன்னை மறந்தறியேன்’ என்று பாடுகிறாரே. பல ஆண்டுகள் சமணப் பள்ளியில் இருந்தவர் இப்படிச் சொல்வது பொய்யில்லையா?

மிக நல்ல கேள்வி. ‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடு இசைபாடல் மறந்தறியேன், நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்’ என்பது அந்த முதல் பதிகத்திலேயே வருகிறது. அதே பதிகத்தில் சற்று முன்னால்தான் ‘முன்னம் அடியேன் அறியாமையினால்’ என்றும், ‘பின்னை அடியேன் உமக்காளும் பட்டேன்’ என்றும் பாடியிருக்கிறார். முன்பு அறியாமை, பின்பு ஆட்பட்டேன் என்று கோடு கிழித்தவர், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மறந்ததே இல்லை என்கிறார்.

இதற்கு ஒப்பாக இன்னொருவரைப் பார்க்க வேண்டும். பௌத்தத்தில் அங்குலிமாலன். கோசல நாட்டில் வழிப்போக்கர்களைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்தவன், புத்தரைச் சந்தித்துத் துறவியானான் என்பது பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில் வரும் கதை. ஒரு நாள் பிச்சைக்குப் போன இடத்தில் பிரசவ வேதனையில் ஒரு பெண் துடிப்பதைக் கண்டு புத்தரிடம் வந்து சொல்கிறார். ‘பிறந்த நாள் முதல் நான் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, அந்த உண்மையால் நீ நலம் பெறுக என்று அவளிடம் போய்ச் சொல்’ என்கிறார் புத்தர். அங்குலிமாலர் திகைக்கிறார். அது தெரிந்தே சொல்லும் பொய்யாகுமே, நான் பல உயிர்களைக் கொன்றவன் ஆயிற்றே என்கிறார். அப்படியானால் ‘உயர்ந்த பிறப்பில் பிறந்த நாள் முதல்’ என்று மாற்றிச் சொல் என்கிறார் புத்தர். அவர் போய்ச் சொல்கிறார், பெண்ணும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். இலங்கையில் பௌத்தர்கள் கர்ப்பிணிப் பெண்களுக்காக இன்றும் இந்த வாசகத்தைப் ‘பிரித்’ என்னும் காப்பு மந்திரமாக ஓதுகிறார்கள்.

அங்குலிமாலருக்கு இரண்டு பிறப்பு. பழையவன் வேறு, புதியவன் வேறு; இரண்டையும் குழப்பினால் அது பொய். அப்பருக்கு ஒரே பிறப்பு. அவர் திரும்பி வந்து பார்த்தபோது, சின்ன வயதில் அக்காளோடு கோயிலில் நின்ற பிள்ளை உள்ளே அப்படியே இருக்கிறான். எத்தனை ஆண்டு வேறு ஊரில், வேறு மொழி பேசிக்கொண்டு இருந்தாலும் அம்மா கூப்பிட்டால் வீட்டுப் பேச்சு வாயில் வருகிறதே, அதுபோல. ‘மறந்தறியேன்’ என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். முற்பிறவி நினைவு என்று விளக்கம் சொல்வோரும் உண்டு.

மாற்றத்தில் இந்த இரண்டு வகையும் உண்மை. கொலை செய்தவன் அங்குலிமாலரைப் போல வெட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வழி தவறியவன் அப்பரைப் போலத் திரும்பி வரலாம்.

திலகவதியார் இல்லாவிட்டால் அப்பர் மாறியிருப்பாரா?

மாறியிருக்க மாட்டார் என்பது என் கருத்து.

மணம் பேசியவரும் பெற்றோரும் போன பிறகு அவர் உயிரை விடத் துணிந்தார். ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்ற தயை அவரைத் தடுத்தது என்கிறார் சேக்கிழார். தம்பி இருக்க வேண்டும் என்பதற்காக உயிரைத் தாங்கினார். அந்தத் தம்பி வேறு சமயத்துக்குப் போனபோது பின்னாலேயே போய் வாதாடவில்லை. ஆள் விட்டு இழுத்து வரவில்லை. திருவதிகையில் ஒரு மடம் அமைத்துக்கொண்டு, கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூத்தொடுத்து, இறைவனிடம் முறையிட்டுக்கொண்டு இருந்தார். தம்பி ஆள் அனுப்பியபோது, வரமாட்டேன் என்று உறுதியாகவும் இருந்தார். வீட்டில் விளக்கும் எரிந்தது, கதவும் திறந்தே இருந்தது. ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு வர நான் வரமாட்டேன், நீதான் நடந்து வர வேண்டும் என்ற கண்டிப்பு. போதைக்கோ சூதுக்கோ ஒருவரைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

பின்னால் திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் பாடிய பதிகம் ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்’ என்று தொடங்குகிறது. தாய், தந்தை, அடுத்து உடன்பிறப்பு. இறைவனைத் தாயாகவும் தந்தையாகவும் பாடாதவர் இல்லை. ‘உடன்தோன்றினர்’ என்ற சொல் அவர் வாயில் வரும்போது திருவதிகை மடத்தின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

மாறிய பிறகு பழைய வாழ்க்கையை என்ன செய்தார்? சமணரைத் திட்டியே பாடினார் என்கிறார்களே?

திட்டினார். அதை மழுப்பக் கூடாது. சமணத் துறவிகளின் தோற்றத்தையும் பழக்கங்களையும் இழித்துப் பேசும் வரிகள் அவரிடம் இருக்கின்றன. ஒரு காலத்தில் தாம் மதித்த, தம்மை மதித்த மனிதர்களைப் பற்றி அப்படிப் பேசியதை என்னால் ரசிக்க முடிவதில்லை. சமணர்கள் தமிழுக்குத் தந்தது கொஞ்சமா? மேலே சொன்ன கோழிப் பாட்டே சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நூலிலிருந்து வந்ததுதான். பாடலிபுத்திரப் பள்ளியும் சாதாரண இடமில்லை. கி.பி. 458ஆம் ஆண்டிலேயே லோகவிபாகம் என்ற நூல் அங்கே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது. அப்பருடைய சொல்லாட்சியிலும் தர்க்கத்திலும் அந்தப் பள்ளியின் பயிற்சிக்குப் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் அவர் அதிகமாகத் திட்டியது தம்மைத்தான். திருவாரூரில் ஒரு பதிகம் பாடினார். பாட்டுக்கு ஒரு பழமொழியாக, தாம் செய்த முட்டாள்தனத்தை வரிசையாக அடுக்குகிறார். கனியிருக்கக் காய் கவர்ந்த கள்வனேன். முயலை விட்டுக் காக்கையின் பின் போனேன். இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறந்து களைத்தேன். விளக்கு இருக்க மின்மினியில் தீக்காய்ந்தேன். கரும்பு இருக்க இரும்பைக் கடித்தேன்.

மலட்டுப் பசு வரியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பாருங்கள். இருட்டு. காம்பைத் தடவிப் பிடித்து இழுக்கிறான். சத்தம் இல்லை. விரல் வலிக்கிறது. அறையில் வெளிச்சம் இருந்திருந்தால் பசு மலடென்று தெரிந்திருக்கும். தெரியாததால் உழைப்பு மட்டும் நடக்கிறது. தவறான வேலையில், தவறான உறவில், தவறான நம்பிக்கையில் பத்து ஆண்டுகளைக் கொடுத்தவர்களுக்கு இந்த விரல் வலி தெரியும். சோம்பேறியின் வருத்தமில்லை இது. உழைத்தவனின் வருத்தம்.

பல்லவ மன்னனும் அவரால் மாறினான் என்கிறார்களே?

சேக்கிழார் அவனைப் பல்லவன், காடவன் என்று சொல்கிறார்; ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர் பலர் அடையாளம் காண்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டைக் குகையிலுள்ள அவனுடைய வடமொழிக் கல்வெட்டு, லிங்கத்தை வழிபடும் குணபரன் என்ற அரசனைப் பற்றியும், மாற்று நெறியிலிருந்து திரும்பிய அறிவைப் பற்றியும் பேசுகிறது. அவன் சமயம் மாறியதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். அது மதமாற்றத்தைத்தான் குறிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சமணத்தை விட்டுப் போன அப்பரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைத்தது, நஞ்சு கொடுத்தது, யானையை ஏவியது, கல்லில் கட்டிக் கடலில் தள்ளியது எல்லாம் இந்த மன்னன் காலத்தில் நடந்தவையாகச் சொல்லப்படுகின்றன. கல்லோடு கட்டி நீரில் தள்ளியதை அப்பரே திருநீலக்குடிப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். பிறகு மன்னன் மனம் மாறினான். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டு திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுத்தான் என்று பெரிய புராணம் சொல்கிறது. பக்தியோடு படிப்பவன்தான் நான். ஆனாலும் ஒருவன் திருந்தியதற்கு இன்னொருவருடைய இருப்பிடம் இடிபட வேண்டியிருந்தால், அதைத் திருந்துதல் என்று முழு வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அவன் கையிலிருந்த கடப்பாரை அப்படியேதான் இருந்தது, திசைதான் மாறியது. அப்பர் கையிலோ கருவியே மாறியிருந்தது.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லுங்கள். உழவாரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நீண்ட கைப்பிடி, நுனியில் வாயகன்ற தட்டை இரும்பு. கோயில்களில் அப்பர் சிலையைப் பார்த்தவர்கள் தோளில் அது சாய்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். தரையோடு தரையாக வைத்துத் தள்ளினால் புல்லும் முள்ளும் அறுபடும்.

எங்கள் பகுதியில் ஒரு பழைய கோயிலில் சில ஆண்டுகளாக உழவாரப்பணிக்குப் போய்வருகிறேன். சுற்றுப் பிரகாரம் முழுக்கக் கோரை. முதல் முறை செதுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தரை மொட்டையாக, அழகாக இருந்தது; ஒரு பெருமிதம். இரண்டு மழை பெய்தது. அடுத்த மாதம் போனால், செதுக்கிய அடையாளமே இல்லை. உடன் வந்த பெரியவர் ஒருவர் குச்சியால் மண்ணைக் கிளறி, கறுப்பாக, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கிழங்கை எடுத்துக் கையில் வைத்தார். கசக்கி முகர்ந்தால் மருந்துக்கடை வாசனை. ஒரு கிழங்கிலிருந்து நூல்போல வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது. மேலே செதுக்கியது இலையை மட்டும்தான். அன்றைக்குத்தான் அப்பர் ஏன் இந்தக் கருவியை வாழ்நாள் முழுக்கத் தோளில் வைத்திருந்தார் என்பது எனக்கு உறைத்தது. ஒரு முறை செதுக்கினால் போதுமென்றால் ஒரு நாளில் கீழே வைத்திருப்பாரே.

அவர் இதைப் பாட்டாகவும் சொல்லியிருக்கிறார்: ‘மெய்ம்மையாம் உழவைச் செய்து விருப்பெனும் வித்தை வித்திப் பொய்ம்மையாம் களையை வாங்கிப் பொறையெனும் நீரைப் பாய்ச்சித் தம்மையும் நோக்கிக் கண்டு தகவெனும் வேலியிட்டு…’ உழவு, விதை, களை, நீர், வேலி எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. நடுவில் ‘தம்மையும் நோக்கிக் கண்டு’ என்று ஒன்று மட்டும் உவமையில்லாமல் நிற்கிறது. விவசாயி வரப்பில் நின்று வயலைச் சும்மா பார்ப்பானே, அந்தப் பார்வை. எதையும் செய்யாத, ஆனால் அதில்லாமல் எதுவும் விளையாத வேலை.

சைவ சித்தாந்தம் இதைத் தத்துவமாகச் சொல்லும்போது, ஆணவம் உயிரோடு செம்பில் களிம்பு போல ஒட்டியது என்றும், வீடுபேற்றிலும் அது அழிவதில்லை, வலிமை அடங்கிக் கிடக்கிறது என்றும் சொல்லும். விளக்கு வந்தால் இருட்டு ஒதுங்குகிறது, ஒழிவதில்லை. எனக்குக் கோரைக்கிழங்கு ஞாபகம் வரும்.

கடைசிவரை ‘நான் பொல்லேன்’ என்றே பாடிக்கொண்டிருந்தாரே. அப்படியானால் மாறவே இல்லையா?

இதே கேள்வியை வட ஆப்பிரிக்காவில் பிறந்த புனித அகுஸ்தீனாரிடமும் கேட்கலாம். அப்பருக்குச் சுமார் 250 ஆண்டு முந்தியவர், பிறந்தது 354இல். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி என்பவர் தோற்றுவித்த சமயத்தில் இருந்தவர். அவருக்காகக் கண்ணீரோடு காத்திருந்தவர் தாய் மோனிக்கா. 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தபோது, ‘எடுத்துப் படி’ என்ற குழந்தைக் குரல் கேட்டு மனம் திரும்பினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஆயராக இருக்கும்போது தம் வாழ்க்கையை எழுதினார். அதில் பத்தாம் பகுதி வியப்பூட்டுவது. மனம் திரும்பிய கதையெல்லாம் முடிந்த பிறகு, இன்று, இப்போது தம்மிடம் இருக்கும் பலவீனங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். உணவில் ஆசை. புகழ்ச்சியில் ஆசை. கோயிலில் பாடும்போது பாட்டின் பொருளைவிட இசை இனித்துவிடுகிறதே என்றுகூட வருந்துகிறார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிய வழியே இல்லை. இருந்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மாறாதவனுக்குத் தன் குறை தெரியாது. அவனிடம் கேட்டால் தங்கம் என்பான். வீட்டைப் பெருக்கத் தொடங்கிய பிறகுதான் தூசி கண்ணில் படுகிறது. திருவொற்றியூரில் அப்பர் பாடிய பாட்டில் மனம் ஒரு தோணி, அறிவு அதை ஊன்றித் தள்ளும் கோல், ஏற்றிய சரக்கு சினம். அது பாறையில் மோதிக் கவிழும்போது உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு என்று வேண்டுகிறார். தோணி கவிழாமல் இருக்க வரம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒருவர் மாறிவிட்டார் என்பதற்காக ஊர் அவரை மன்னித்தாக வேண்டுமா?

அங்குலிமாலர் கதையின் கடைசிப் பகுதி இதற்குத்தான். அவர் அருகதர் நிலையை, பௌத்தம் சொல்லும் முழு விடுதலையை, அடைந்த பிறகு சாவத்தி நகருக்குள் பிச்சைக்குப் போகிறார். யாரோ எறிந்த மண்ணாங்கட்டி படுகிறது, யாரோ எறிந்த தடி, யாரோ எறிந்த ஓடு. தலை உடைந்து ரத்தம் ஒழுக, திருவோடு உடைந்து, மேலாடை கிழிந்து திரும்பி வருகிறார். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். எறிந்தவர்களைக் கதை கண்டிக்கவில்லை. அவர்களில் மகனை இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். மன்னிப்பு என்பது இழந்தவர்கள் தங்கள் நேரத்தில் தருவது. மாறியவர் கேட்டு வாங்கும் பாக்கியில்லை அது.

மாற்றம் உண்மையா நடிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய புராணத்தில் இரண்டு காட்சிகள் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியாருக்குச் சோறிட இறைவன் நாளுக்கு ஒவ்வொரு காசு தருகிறார். சம்பந்தருடைய காசுக்குக் கடையில் வட்டம், அதாவது மதிப்பில் கழிவு, பிடிக்கிறார்கள். அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதம். அப்பருடைய காசு குறையில்லாமல் செல்கிறது. காரணம், அவர் கையால் வேலை செய்பவர் என்கிறார்கள். இறைவன் தந்த காசிலேயே உழைப்பின் மதிப்பு தெரிந்தது.

இன்னொன்று திருப்புகலூரில். அவர் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கின்றன. பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். அவர் பொன்னை வெறுத்து ஒதுக்கி நீளமாக ஒரு சொற்பொழிவு செய்திருந்தால் எனக்கு ஐயம் வந்திருக்கும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது?

‘பாலனாய்க் கழிந்த நாளும்’ என்று தொடங்கி, இளமை ஆசையில் போயிற்று, முதுமை கோலூன்றுவதில் போயிற்று, ‘குறிக்கோள் இலாது கெட்டேன்’ என்று வருந்தும் பாட்டைப் படித்துப் பாருங்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் நெஞ்சு கனக்கும்.

எங்கே தொடங்கிப் படிப்பது?

நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் அப்பருடையவை. ஐந்தாம் திருமுறையின் குறுந்தொகைப் பாட்டுகள் சின்னவை, எளியவை. ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’ அதில்தான் இருக்கிறது. நாளுக்கு ஒரு பதிகம், வாய்விட்டு.

கடைசியாக, அவரிடம் உண்மையில் மாறியது என்ன?

கயிலையைக் காண வேண்டும் என்று முதுமையில் வடக்கே நடந்தார். கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் தவழ்ந்து, புரண்டும் போனார். பிறகு ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்பது வரலாறு. கயிலைக்குப் போனவர் காவிரிக்கரைக்கே வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் பாடியது ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’ என்ற பதிகம். அதில் மலையும் பனியும் இல்லை. ஊர்க் குளக்கரையில் எவரும் பார்க்கக்கூடியவை இருக்கின்றன. பிடியோடு களிறு வருகிறது. பெடையோடு கோழி வருகிறது. பேடையோடு குயில், மயில், நாரை, கிளி. இடிக்குரல் பன்றியும் வருகிறது. இளம் பசுவைத் தழுவியபடி ஏறு வருகிறது. ஒவ்வொரு பாட்டிலும் ‘வருவன கண்டேன்’ என்று சொல்லிவிட்டு, ‘கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்’ என்று முடிக்கிறார்.

உலகத்தின் நிலையாமை தாங்காமல் வீட்டை விட்டுப் போன இளைஞர் இவர். விலங்கல்லாது ஒழிந்தேன் அல்லேன் என்று கூசியவர் இவர். அந்தக் கோழியையும் பன்றியையும் காளையையும் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருப்பார். திருவையாற்றில், வயதான காலத்தில், ஈரத் துணியோடு கரையேறி நின்றுகொண்டு, கண்டறியாதன கண்டேன் என்கிறார்.